லூபன் உயிரோடு இருக்கும் படம்

1

முதலில் உண்மையை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை மழையால் வந்தது. பாரிசுக்கு வந்து முப்பத்தொரு ஆண்டாகிறது, இன்னும் குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பும் புத்தி போகவில்லை. ஒருநாள் வெளியூரில் (ஊர்ப்பெயர் வேண்டாம்) அடைமழைக்கு ஒதுங்க ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். கடைசி அறையில், துடைப்பம் வைக்கும் அலமாரிக்கு மேலே, கப்பல் உடைந்த படம் ஒன்று. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. கண்ணை இடுக்கிப் பார்த்தால் கடல். கடலுக்கு மேலே ஒரு கை. ஆள் இல்லை.

"கீழ வழிஞ்சிட்டாருங்க," என்றார் காவலர்.

"யாரு?"

"கைக்காரரு. ஒரு காலத்துல முழுசா இருந்தாராம்."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சரக்கு. அடைப்புக்குறிக்குள் வரும் பெரிய ஓவியர்கள் மட்டும் நிஜம். மற்றவர்களைக் கலை வரலாற்றில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதையை இப்படியெல்லாம் தொடங்கிப் பார்த்தேன்:

'புயல் ஓய்ந்திருந்தது.' (கூடாது. அந்தக் காலத்து ஓவியர்களுக்கு ஓய்ந்த புயலால் ஒரு பிரயோசனமும் இல்லை.)

'1824ஆம் ஆண்டு, மானுட ஆன்மா தன் தளைகளை உடைத்தெறிந்து—' (இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

'லூபன் அன்று நான்காவது முறையாகச் செத்துக்கொண்டிருந்தபோது மூக்கு அரித்தது.'

இது இருக்கட்டும்.

2

லூபன் அன்று நான்காவது முறையாகச் செத்துக்கொண்டிருந்தபோது மூக்கு அரித்தது. எவாரிஸ்த் மொர்லே என்ற ஓவியரின் அறையில், அவருடைய கப்பல் உடைந்த படத்துக்காக, கவிழ்த்த பீப்பாயின் மேல் தலை தொங்க, வாய் பிளந்து, நனைந்த சட்டையோடு கிடந்தான்.

"மூக்கு அரிக்குது முசே," என்றான். பாரிசில் ஐயாவுக்கு முசே, அம்மாவுக்கு மதாம்.

"பொணத்துக்கு ஏதுடா மூக்கு? சும்மா கெட."

"ஒரே ஒரு தடவ சொறிஞ்சிக்கிறேன்."

"போன வாரம் எதிர்வீட்டுக்காரனுக்குக் கிரேக்கத்துல செத்தியே, அப்ப அரிச்சுதா? அவனுக்கு மட்டும் பொழுதன்னிக்கும் ஒழுங்கா செத்துக் குடுத்தியாம். என்கிட்ட வந்தாத்தான் உனக்கு உசுரு வருது."

பிணமாகப் படுப்பதுதான் லூபனின் தொழில். ஓவெர்ஞ் மலையிலிருந்து பாரிசுக்குத் தண்ணீர் சுமக்க வந்தவன். ஆறு வருடத்துக்கு முன் இரண்டு வாளியோடு மொர்லேயின் ஆறாவது மாடி ஏறி, வாசலிலேயே மயங்கி விழுந்தான். கதவைத் திறந்த மொர்லே 'ஐயோ' என்று சொல்லவில்லை. "அப்படியே இரு!" என்றார். அன்றிலிருந்து லூபன் வாளியைத் தொடவில்லை. மஞ்சள் பூத்த உடம்பு, ஒட்டிய கன்னம், மூச்சைப் பிடித்தால் நூறு எண்ணும்வரை நெஞ்சு ஏறி இறங்காது. இப்படி ஒருவனைக் கடவுள் தண்ணீர் சுமக்கவா படைப்பார்?

[இங்கே கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் தாண்டிக்கொள்ளலாம். பழைய கூட்டத்து ஓவியர்கள் தலைக்கவசம் போட்ட வீரர்களைக் கழுவித் துடைத்த காலோடு நிற்கவைத்து வரைந்தார்கள். புதுக் கூட்டத்துக்கு ரொமாண்டிக் என்று பேர். நாம் கற்பனாவாதம் என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்குகிறோம். இவர்களுக்குப் புயல் வேண்டும், பைத்தியம் வேண்டும், முக்கியமாகப் பிணம் வேண்டும். 1819இல் ஜெரிக்கோ என்ற ஓவியர், தெப்பத்தில் தவித்த மனிதர்களைச் சுவர் நிறைய வரைந்து வைத்தார். தத்ரூபத்துக்காக வெட்டுண்ட கைகால்களையே கொண்டுவந்து பார்த்து வரைந்தவர் அவர். அந்தப் படத்தில் குப்புறக் கிடப்பவர்களில் ஒருவராகப் படுத்துக் கொடுத்தது அவருடைய நண்பர், பின்னாளில் பெரும்பேர் வாங்கிய ஓவியர் தெலாக்ருவா. அவரே குப்புறக் கிடக்கலாம் என்றால் லூபன் மல்லாந்து கிடந்ததில் என்ன கேவலம்?]

3

வண்ணக்கடை ஓர்தான்ஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கீழ்வீதியில் வண்ணப்பொடியும் எண்ணெயும் தூரிகையும் விற்கும் விதவை. எந்த ஓவியனையும் 'மேதை' என்று அழைத்துப் பழக்கமில்லாதவள். ஒரு கையில் மொர்லே கறுப்புக் கடலுக்குப் பூசக் கேட்ட நிலக்கீல் ஜாடி, மறு கையில் கடிதம். லூபனுக்கு எழுத்து தெரியாது. ஊர்க் கடிதங்கள் அவள் கடைக்குத்தான் வரும், அவள்தான் படித்துச் சொல்வாள்.

"பாதிரியார் எழுதியிருக்காரு. செத்த பொறவு கேக்குறியா, இப்பவே படிக்கட்டுமா?"

"படிங்க மதாம், காது மட்டும் சாகல," என்றான் லூபன் உதடு அசையாமல்.

கடிதத்தின் சாரம் இது. ஊர்க்காரன் ஆந்துவான் கரி விற்கப் பாரிசு வந்தவன், போன கண்காட்சியில் லூபனின் படம் அரண்மனைச் சுவரில் தொங்கியதைப் பார்த்திருக்கிறான். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். லூபனின் அம்மா ஜில்பெர்த் அன்றிலிருந்து தரையில் கால் வைத்து நடப்பதில்லை. 'ராசா வீட்டுச் சுவத்துல எம்புள்ள' என்று கோழிகளிடம்கூடச் சொல்லிவிட்டாள். இந்த வருடக் கண்காட்சியைப் பார்க்க ஆந்துவானின் கரி வண்டியிலேயே புறப்படுகிறாள்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"நான் எப்படி இருக்கேன்னு அவன் சொன்னானா?"

"நீ செவுத்துல இருக்கன்னுதான் சொல்லிருக்கான்."

"செத்துக் கெடக்கேன்னு சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த அம்மா பாக்கவா வரும்?"

லூபன் முகத்தில் கை வைத்துக்கொண்டான். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவன் நிஜமாகவே பிணம் மாதிரி ஆனான், அதை மொர்லே கவனிக்கவில்லை.

விஷயம் இதுதான். லூபனுக்கு இரண்டு அண்ணன்கள், மார்சியால், ஓதிலோன். பேரரசரின் படையோடு ருஷ்யா போனார்கள். பன்னிரண்டு வருடமாயிற்று. ஆளும் வரவில்லை, உடம்பும் வரவில்லை, இன்ன இடத்தில் விழுந்தார்கள் என்று சொல்லவும் ஒரு நாதி இல்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று ஊரே அவரவர் கல்லறைக்குப் பூவோடு போகும். ஜில்பெர்த்துக்குப் போய் நிற்க இரண்டடி மண் கிடையாது. கையில் பூவோடு மதிலுக்கு வெளியே நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டுவாள். அழ மாட்டாள். பார்க்காத சாவுக்கு எப்படி அழுவது?

இப்போது அவள் இருநூறு கல் தாண்டி வந்து பார்க்கப்போவது, மிஞ்சிய ஒரே மகனை, இந்த வருடம் பல ஓவியர்களுக்காக அவன் படுத்துக் கொடுத்த ஏழு படத்தில், ஏழு விதமாகச் செத்துக் கிடக்க.

[வாசகர் கேட்கலாம்: 'ஆள் பக்கத்தில் உயிரோடு நிற்கும்போது படம் எப்படி இருந்தால் என்ன?' நியாயமான கேள்வி. உங்கள் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள்.]

4

"ஒரே ஒரு படத்துல என்ன உசுரோட வச்சிருங்க முசே," என்றான் லூபன். "அம்மாவ நேரா அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டி, நேரா வெளிய கூட்டிட்டு வந்துடுவேன்."

"உன்ன உசுரோட வரஞ்சா எவன்டா நம்புவான்? பாரிஸ் முழுக்க உன் சாவு பாத்தவங்க."

"உங்ககிட்ட ரெண்டு படம் இருக்கே. அந்தப் பனிப்படத்துல கொஞ்சம் எழுப்பி உக்கார வைக்கக் கூடாதா?"

பனிப்படம் என்பது மொர்லே போன குளிர்காலத்தில் வரைந்தது. பனியில் மல்லாந்து கிடக்கும் சிப்பாய். ருஷ்யா என்று பெயர் வைத்தால், பேரரசர் போனபின் வந்த புது அரசரின் ஆட்களுக்குப் பிடிக்காது என்று 'வழி தவறியவன்' என்று மட்டும் வைத்திருந்தார்.

"வழி தவறுனவன் எழுந்து உக்காந்தா வழி கேட்டுட்டுப் போயிடுவானே! அப்புறம் நான் எதுக்குப் படம் வரையணும்?"

[ஜெர்மனியில் இருந்திருந்தால் லூபனுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. அங்கே ஃபிரீட்ரிக் என்பவர் ஆட்களை மலைமேலும் கடற்கரையிலும் முதுகு காட்டி நிற்கவைத்து வரைந்துகொண்டிருந்தார். முகம் தெரியாது, ஆனால் நிற்பார்கள். இங்கிலாந்தில் டர்னரோ ஆளையே புகையும் வெளிச்சமுமாகக் கரைத்துவிடும் திசையில் போய்க்கொண்டிருந்தார். தேசம் பார்த்துப் பிறக்க வேண்டும்.]

அதிர்ஷ்டம் சளி ரூபத்தில் வந்தது. கப்பல் படத்தில் தெப்பத்தின் உச்சியில் நின்று, தூரத்துக் கப்பலைப் பார்த்துக் கை அசைப்பவன் ஒருவன் உண்டு. அதற்கு நிற்க வந்த ஓபரா பாடகர் நனைந்த சட்டையால் தொண்டை கட்டிப்போய், மொர்லேயைத் திட்டக்கூடக் குரல் வராமல், சைகையிலேயே திட்டிவிட்டுப் போய்விட்டார். கண்காட்சிக்கு மூன்று வாரம்தான். மொர்லே லூபனைப் பார்த்தார். லூபன் மொர்லேயைப் பார்த்தான்.

"ஏறு மேல," என்றார் மொர்லே. "பீப்பாய்ப் பொணத்து மூஞ்சிய ஒரு அலையால மூடிக்கலாம்."

ஏறினான். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, லூபனுக்கு உயிரோடு இருக்க வரவில்லை.

"கைய தூக்கு. நம்பிக்கை! பதிமூணு நாள் பட்டினி, தூரத்துல கப்பல்!"

லூபன் கையைத் தூக்கினான். கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. தலை தானாகச் சாய்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

"மறுபடி செத்துட்ட!"

"பழக்கதோஷம் முசே."

ஒருநாள், இரண்டு நாள், மூன்று நாள். கப்பலைப் பார் என்றால் கண் செருகிக்கொள்ளும். சிரி என்றால் பல் இளிக்கும், அது இன்னும் மோசம். நான்காம் நாள் எண்ணெய் கொண்டுவந்த ஓர்தான்ஸ் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"கப்பல விடுப்பா. கப்பல நீ எங்க கண்ட? சந்தையில பெருங்கூட்டம். கரி வண்டியிலேர்ந்து உங்க அம்மா எறங்குறாங்க. அந்தப் பக்கம் பாக்குறாங்க, இந்தப் பக்கம் பாக்குறாங்க, உன்னக் காணோம். கண்ணு கலங்குது. என்ன பண்ணுவ?"

லூபனின் கை எழும்பியது. முதுகு நிமிர்ந்தது, கால் கட்டைவிரலில் நின்றது, கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் இருந்தது நம்பிக்கையா, பயமா, வெட்கமா என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மொர்லே வாழ்நாளில் முதல்முறையாகப் பேசாமல் வரைந்தார்.

5

[இந்த இடத்தில் லூபனுக்கும் ஓர்தான்ஸுக்கும் ஒரு காதல் வைக்கலாமா என்று யோசித்து நாலு பக்கம் எழுதினேன். 'அவள் விரல்களில் ஒட்டியிருந்த நீலம் அவன்—' போதும். அவளுக்கு அவனைப் பிடிக்கும், அவனுக்குக் கடன்பட்ட மனசு. காதல் வந்தால் யாராவது சாகவேண்டியிருக்கும்.]

"இத்தன தார் வேணாம் முசே. காயாது," என்றாள் ஓர்தான்ஸ்.

"நிலக்கீல்னு சொல்லு."

"நிலக்கீல்னு சொன்னா மட்டும் காஞ்சிடுமா?"

"எனக்கு ஆழம் வேணும் மதாம், ஆழம்! ஆன்மாவோட இருட்டு வேணும்!"

"நான்தான் விக்கிறேன், அதனால சொல்றேன். வெயில் பட்டா உங்க ஆன்மா ஒழுகும்."

மொர்லே கேட்கவில்லை. கேட்டால் அவர் அந்தக் கூட்டத்து ஓவியரே இல்லை. நிலக்கீல் என்பது பூசும்போது தேனும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி மின்னும், பழுப்பும் கறுப்புமாக ஆழம் காட்டும். அந்த அழகில் மயங்கி ஒரு தலைமுறையே அதைப் பூசித் தள்ளியது. உள்ளே அது சரியாகக் காய்வதே இல்லை. லூபன் நின்ற தெப்பத்தின் கீழே, மேலே, பின்னே, எல்லாம் விரல்கனம் நிலக்கீல்.

6

ஆகஸ்ட் இருபத்தைந்து, கண்காட்சி திறந்தது. லூவ்ர் அரண்மனையின் பெரிய கூடத்தில் கூரையிலிருந்து முழங்கால் உயரம் வரை படம். மொர்லேயின் கப்பல் கண்ணாடிக் கூரைக்கு நேர் கீழே, வெயில் கொட்டும் இடத்தில். எதிர்ச்சுவரில் அவருடைய பனி.

முதல் நாள் லூபன் போய்ப் பார்த்தான். உச்சியில் நின்று கை அசைத்துக்கொண்டிருந்தான். ஒரு மூலையில் நின்று அழுதான், சந்தோஷத்தில். இனிமேல் சாவதே இல்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டான்.

மூன்றாம் நாள் போனான். தெப்பத்தில் கணுக்கால் இல்லை.

ஐந்தாம் நாள் முழங்கால் இல்லை.

[தப்பைப் பிடித்துவிட்டீர்கள். நிலக்கீல் இப்படி நாள்கணக்கில் வழியாது, ஆண்டுக்கணக்கில்தான். எனக்கு அவ்வளவு இடம் கிடையாது. அந்த வருடம் என் கதையில் மட்டும் வெயில் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

"முசே, நான் முழுகிட்டு இருக்கேன்!" என்று மொர்லேயின் சட்டையைப் பிடித்தான் லூபன்.

மொர்லேயின் முகத்தில் அப்படி ஒரு பரவசம். "பாத்தியாடா கூட்டத்த? தெனம் வந்து நீ எவ்வளவு முழுகியிருக்கன்னு பாக்குறாங்க! நடுங்குறாங்க! எந்தப் படமாவது இதுவரைக்கும் நிஜமா முழுகியிருக்கா?"

"ஒரு துணிய வச்சி மேல தள்ளி விடுங்க முசே. இடுப்பு வரைக்குமாவது."

"இயற்கையோட சீற்றத்துல நான் கை வைக்க மாட்டேன்."

ஏழாம் நாள் மார்பும் இல்லை. எட்டாம் நாள் காலை, ஆந்துவானின் கரி வண்டி பாரிசுக்குள் நுழைந்தபோது, கடலுக்கு மேலே முழங்கை மட்டும் இருந்தது.

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எழுதிப் பார்த்த முடிவுகளைத் தருகிறேன்.

(அ) லூபன் கயிற்றைத் தாண்டிக் குதித்து, படத்துக்குள் இரண்டு கையையும் விட்டு, தன்னைத்தானே வெளியே இழுக்கிறான். காவலர்கள் அடிக்கிறார்கள். தலையில் பட்டு—

(ஆ) லூபன் அவமானத்தில் சேன் ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறி—

(இ) மகனைப் படத்தில் பார்த்த தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு—

மூன்றையும் வாசித்துப் பார்த்தபோது காதோரம் லூபனின் மலைக்காட்டுக் குரல்.

"நீங்களும் அவங்க ஆளுதானா ஐயா?"

வெட்கமாகிவிட்டது. என் மேசைமேல் ஆறு மாதமாக அந்தக் கூட்டத்து ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் பரப்பிக் கிடக்கின்றன. பார்த்துப் பார்த்து எனக்கும் கை அந்தப் பக்கமே போகிறது. எவனாவது விழுந்தால்தான் கதைக்குக் கனம் என்று நினைக்கிற புத்தி. மூன்றையும் கிழித்தேன். இனி நடப்பதில் என் கை குறைவு.

8

ஜில்பெர்த் குள்ளமான பெண். தலையில் வெள்ளைக் குல்லாய், மரச்செருப்பு, வண்டியில் வந்த கரி காதுமடலில். கையில் ஒரு முழுப் பாலாடைக்கட்டி, அரசருக்கு. வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்ட காவலரை அரசர் என்றே அவள் நினைத்திருக்கலாம்.

லூபன் தொப்பியை விரித்துப் பிடித்து அவள் கண்ணின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டே நடந்தான்.

"எதுக்குடா மூஞ்சிக்கு நேரா தொப்பிய ஆட்டுற?"

"ஈ அம்மா. அரமனை ஈ. பெருசு."

அதற்குள் ஒரு சீமாட்டி லூபனைப் பார்த்து வீரிட்டாள். "ஐயோ! கிரேக்கத்துல செத்தவன்!" அவளுடைய கணவர், "இல்லம்மா, இவன் பிளேக்ல செத்தவன்," என்று திருத்தினார்.

"என்னடா சொல்றாங்க?"

"பாரிஸ்ல அப்படித்தாம்மா வணக்கம் சொல்லுவாங்க."

கப்பல் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கடல், கறுப்பு, உச்சியில் இப்போது மணிக்கட்டு வரை மட்டும் ஒரு கை.

"இதாம்மா."

"எது?"

"அந்தக் கை."

ஜில்பெர்த் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு கைய வரையறதுக்கா ஆறு வருசமா பாரிஸ்ல இருக்க? மிச்சத்துக்கு நீ என்ன பண்ண?"

"கீழ இருக்கேம்மா. ஒளிஞ்சிருக்கேன். ஆனா உசுரோட. பாரு, கை ஆடுது பாரு."

"ம்," என்றாள். அவ்வளவு தூரம் வந்ததற்கு அது போதாது என்பது அந்த 'ம்'மிலேயே இருந்தது. திரும்பினாள்.

எதிரே பனி.

லூபன் முன்னால் பாய்ந்து நின்றான். "வாம்மா, பசிக்குது, சூப்பு குடிப்போம்."

"நகரு."

"அம்மா—"

"நகருடா."

நகர்ந்தான். வேறென்ன செய்வான்? அவள் மரச்செருப்பு சத்தத்தோடு படத்தை நெருங்கி நின்றாள். வெள்ளைப் பனி, கிழிந்த நீலச் சட்டை, மல்லாந்த முகம்.

"அது நான்தாம்மா. சும்மாதான் படுத்தேன். அது பனி இல்ல, மாவு. மொர்லே முசே வீட்டு மாவு. மூக்குல போயி மூணு நாள் தும்மினேன். நான் சாவல, இதோ பாரு, நல்லா இருக்கேன்—"

"எனக்குத் தெரியாதா? பேசாம இரு."

அவள் மண்டியிட்டாள். அவ்வளவு பெரிய கூடத்தில், சீமான்கள் சீமாட்டிகள் நடுவில், மரத்தரையில். சிலுவை போட்டுக்கொண்டாள். "மார்சியால்," என்றாள். பிறகு அழுதாள். பன்னிரண்டு வருடம் சேர்த்து வைத்ததை, வாய்விட்டு, மலைக்காட்டுப் பெண்கள் சாவு வீட்டில் அழுவதுபோல அழுதாள். கூட்டம் விலகியது. கிளப்பிவிட வந்த காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அழுக்குச் சட்டையோடு தூணருகில் நின்ற மொர்லே தன் வாழ்வின் மகத்தான வெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற ஓர்தான்ஸின் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்தினார்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். இடுப்பில் கட்டிய துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனின் கன்னத்தைத் தொட்டாள்.

"நல்லாப் படுத்திருக்கடா. மூஞ்சியில வலியே இல்ல. இப்படித்தான் போயிருப்பான், இல்ல? தூங்குற மாதிரி."

"ஆமாம்மா," என்றான் லூபன். "இப்படித்தான்."

"இது மார்சியாலுக்கு ஆச்சு." அவள் குரல் கடையில் சாமான் கேட்கும் குரலாக மாறியது. "ஓதிலோனுக்கும் ஒண்ணு படுத்துக் குடு."

9

மறுநாள் காலை. மொர்லேயின் அறை. தரையில் வெள்ளைத் துணி விரித்தாயிற்று. ஓர்தான்ஸ் மாவு கொண்டுவந்திருக்கிறாள், நிலக்கீலைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கிழிந்த நீலச் சட்டை தயார். முக்காலியில் ஜில்பெர்த், கையில் சந்தையில் வாங்கிய பூ.

லூபன் நிற்கிறான். இனிமேல் சாவதே இல்லை என்று எட்டு நாள் முன்னால் தனக்குத்தானே சத்தியம் செய்தவன். 'ஓதிலோன் இடது பக்கம் ஒருக்களிச்சுத்தான் தூங்குவான்' என்று அம்மா சொல்லியாயிற்று. மொர்லே தூரிகையை நனைத்துவிட்டார். அவரும் இன்றைக்கு அவசரப்படுத்தவில்லை.

அவன் மறுத்தால் அம்மா ஒரு பிள்ளைக்கு மட்டும் அழுதுவிட்டு ஊர் திரும்புவாள். படுத்தால், எட்டாவது சாவு. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் வந்தன, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் மதிலுக்கு வெளியே நின்றவளுக்கும், ஒரே ஒரு முறை உயிரோடு இருக்க ஆசைப்பட்டவனுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

ஆகவே உங்களிடம் விடுகிறேன். மாவு காற்றில் பறக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, எல்லாரும் லூபனைப் பார்க்கிறார்கள். நிற்கவைப்பதோ படுக்கவைப்பதோ உங்கள் பாடு. படுக்கவைத்தால் மட்டும் ஒன்று, அவனை எழுப்பிவிட்டுவிட்டுப் போங்கள்.